பேனுக்கு இரண்டாம் களை

பள்ளி திறந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். ஜூலையில் ஏதோ ஒரு நாள், கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். அன்று சாயங்காலமே வாசலில் ஒரு அம்மா காத்திருப்பார். “டீச்சர், எம்பிள்ளை தலை சுத்தமாத்தான் இருந்துச்சு. புதுசா சேந்த அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காந்த பிறகுதான் இப்படி. எடத்தை மாத்தி விட்டுருங்க.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி இடத்தை மாற்றி விட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தது. பேன் என்னவோ குறையவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மனசுக்கும் அது சரியில்லை, கணக்குக்கும் சரியில்லை.

பேனைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை, அதுதான் சிக்கலே. தாவும் என்கிறோம், அழுக்கில் பிறக்கும் என்கிறோம், உடம்புச் சூடு என்கிறோம். மருந்து போட்டுப் பத்து நாளில் திரும்ப வந்தால் மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். இதில் எது நிஜம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## பனையேறி போல ஒரு பூச்சி

வளர்ந்த தலைப்பேன் ஓர் எள் அளவு இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர். இறக்கை கிடையாது. ஆறு கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் உள்பக்கம் வளைந்த ஒரு கொக்கி. அந்தக் கொக்கியின் வளைவு மனித முடியின் தடிமனுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். பனையேறி மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் வேகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முடியில் பேன் அப்படித்தான் போகும். ஆனால் அதையே எடுத்து வழவழப்பான தரையில் விட்டுப் பாருங்கள். கட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தத்தளிக்கும்.

வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோல் உந்தித் தாவும் பின்னங்கால் பேனுக்கு இல்லை. அதனால் பேன் தாவாது, பறக்காது, நடக்க மட்டுமே செய்யும். “நான் கண்ணால பாத்தேன், துள்ளி விழுந்துச்சு” என்று சிலர் சொல்வார்கள். காய்ந்த தலையை வேகமாக வாரும்போது சீப்பு சுண்டிவிட்ட பேன் அது. தானாகக் குதித்தது இல்லை.

சாப்பாடு ரத்தம் மட்டும்தான். ஒரு நாளைக்குப் பல தடவை குடித்தாக வேண்டும். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அதன் முட்டைக்கும் மண்டைத்தோலின் கதகதப்பு வேண்டும். எனவே வகுப்பு பெஞ்சிலோ சுவரிலோ பேன் குடித்தனம் நடத்த முடியாது. நாய், பூனை, கோழி மேல் இருப்பது வேறு இனம். அவற்றிலிருந்து இது வருவதில்லை.

அப்படியானால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக மிக எளிதான வழி, இரண்டு தலையும் ஒட்டியிருப்பதுதான். ஒரே செல்போனை நாலு பேர் குனிந்து பார்ப்பது, ஒரே பாயில் படுப்பது, காதில் ரகசியம் சொல்வது. சீப்பு, ரிப்பன், தலையணை மூலமாகவும் வரலாம், ஆனால் அது எப்போதோ நடப்பது.

## அழுக்கா, சூடா, வியர்வையா?

வியர்வையில் பேன் உண்டாகும் என்பது பழைய நம்பிக்கை. என் அப்பத்தா கடைசி வரை அதை விடவில்லை. பேன், பேனின் முட்டையிலிருந்து மட்டுமே பிறக்கும். உடம்புச் சூட்டுக்கோ பொடுகுக்கோ பேனைப் பெற்றெடுக்கும் சக்தி கிடையாது.

தினமும் தலைக்கு ஊற்றுகிற பிள்ளைக்கும் பேன் வரும். பேன் மூக்கால் சுவாசிப்பதில்லை. அதன் உடம்பின் இரு பக்கமும் மூச்சுத்துளைகள் இருக்கின்றன, அதாவது காற்று உள்ளே போக வர உதவும் நுண்ணிய ஓட்டைகள். தண்ணீர் பட்டதும் அவற்றை மூடிக்கொண்டு முடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் அப்படி இருக்க அதனால் முடியும். பத்து நிமிடத் தலைக்குளியல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தலை மினுமினு என்று இருந்தால் என்ன, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் என்ன, கீழே ஓடுவது அதே ரத்தம்தான்.

அப்புறம் ஏன் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் அதிகமாகப் பார்க்கிறோம்? ஐந்து பேர் ஒரே பாயில் படுக்கிறார்கள். அம்மா காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறார். வாசல்படியில் உட்கார வைத்துப் பேன் பார்க்க ஆள் இல்லை. அந்த வீட்டில் குறைவது நேரம், அதை நாம் சுத்தக்குறைவு என்று வாசித்துவிடுகிறோம்.

பேன் நோய் பரப்புமா என்றும் கேட்பார்கள். தலைப்பேன் பரப்புவதில்லை. இந்தப் பயத்துக்குக் காரணம் அதன் நெருங்கிய உறவான உடைப்பேன். அது துணித் தையல்களில் வாழ்வது. போர்முனைகளிலும் சிறைகளிலும் ஏராளமானவர்களைக் கொன்ற டைஃபஸ் காய்ச்சல் அதன் மூலம் பரவுகிறது என்று 1909இல் டூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தார். 1928இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பேனால் வருவது அரிப்பு, தூக்கக்கேடு, சொறிந்த இடத்தில் புண். புண்ணில் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பேன் நடந்து போகும், தலையும் தலையும் தொட்டால் ஏறும், சுத்தம் பார்த்து வருவதில்லை.

## முதலில் சொறிபவள்தான் குற்றவாளியா?

அரிப்பு பேன் ஊர்வதால் வருவதில்லை. ரத்தம் குடிக்கும்போது பேன் கொஞ்சம் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. நம் உடம்பு அந்த எச்சிலை வேண்டாத பொருளாக எடுத்துக்கொண்டு காட்டும் எதிர்ப்புக்கு ஒவ்வாமை என்று பெயர். கொசு கடித்த இடம் தடிப்பதும் இதே கதைதான்.

முதன்முறை பேன் ஏறும் தலையில் இந்த ஒவ்வாமை உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அரிப்பே இருக்காது. ஏற்கெனவே பேன் வந்து போன தலையாக இருந்தால் உடம்புக்கு அந்த எச்சில் அத்துப்படி. ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

இதை வகுப்பறையில் பொருத்திப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை இன்றைக்குச் சொறிகிறாள். போன வருடம் அவளுக்குப் பேன் இருந்திருந்தால், இப்போது ஏறி இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். யாரிடமிருந்து ஏறியது? ஒரு மாதமாகப் பேனை வைத்துக்கொண்டு அரிப்பே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் “சுத்தமான” பிள்ளையிடமிருந்து இருக்கலாம். சொறிவதை வைத்து யார் கொண்டுவந்தது என்று சொல்லவே முடியாது. ஜூலையில் வகுப்பே சொறிகிறது என்றால், மே மாத விடுமுறையில் அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு படுத்துறங்கியதும் ஜூனில் தோழியோடு தலை ஒட்டிப் படித்ததும் இப்போதுதான் வெளியே தெரிகிறது.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் இதனால்தான் வீண். நாம் கண்டுபிடிக்கும் நாளில் பேன் அந்தத் தலையில் பல வாரமாக இருந்திருக்கும். இன்று மத்தியானம் அனுப்பி என்ன தடுக்கப் போகிறோம்? பேனுக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது.

## ஈரைப் பேனாக்கும் கணக்கு

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கிவிட்டான் என்போம். பெருமாள் விஷயம் எப்படியோ, முதல் பாதி அப்பட்டமான உயிரியல்.

ஈர் என்பது பேனின் முட்டை. ஒரு பெண்பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து ஈர் வைக்கும், ஏறத்தாழ ஒரு மாத ஆயுள் முழுக்க. மண்டைத்தோலுக்கு மிக அருகில், முடியின் ஒரு பக்கத்தில் பசை போட்டு ஒட்டிவிடும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. பொடுகை ஊதினால் பறக்கும், விரலால் தள்ளினால் நகரும். ஈரை நகம் வைத்து இழுத்தால்தான் வரும். பொடுகா ஈரா என்று குழம்பும்போது இந்த ஒரு சோதனை போதும்.

ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். வெளிவரும் குஞ்சு முட்டையிடும் பேனாக வளர 9 முதல் 12 நாள். ஆக, ஈர் பேனாகி அடுத்த ஈரை வைக்க மூன்று வாரம் வரை ஆகும்.

மருதாணி வைத்த நகத்தைக் கவனித்திருப்பீர்கள். நாளாக ஆக அந்தச் சிவப்பு நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். மருதாணி நகரவில்லை, நகம் வளர்கிறது. ஈரும் அப்படித்தான். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. தோலிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி ஓர் ஈர் ஒட்டியிருந்தால் அது வைக்கப்பட்டு இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் கூடு. தோலிலிருந்து அரை சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாக இருந்தாலும் சரி, அந்த எல்லைக்குள் பழுப்பாக இருப்பதுதான் கவலைப்பட வேண்டிய ஈர். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் காலிக்கூடு. வேடிக்கை என்னவென்றால் நம் கண்ணில் முதலில் படுவதும், நாம் அலறுவதும் அந்தக் காலிக்கூட்டைப் பார்த்துத்தான்.

இனி வயலுக்கு வருவோம். நடவு வயலில் களை எடுக்கிறோம். வயல் சுத்தமாகிவிட்டது. பதினைந்து இருபது நாளில் மறுபடி பச்சை தட்டுகிறது. களையெடுத்த பெண்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். மண்ணுக்குள் விதை இருந்தது, இப்போது முளைத்திருக்கிறது, இரண்டாம் களை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். பேனில் மட்டும் நாம் முதல் களையோடு நிறுத்திவிட்டு மருந்தைத் திட்டுகிறோம்.

இரண்டாம் களையை எப்போது எடுப்பது? ஈரெல்லாம் அனேகமாகப் பொரித்திருக்க வேண்டும். ஆனால் முதலில் பொரித்த குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்துதான் ஒன்பதாவது நாள். முன்கூட்டியே, நாலாம் நாள் போட்டால் பாதி ஈர் இன்னும் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும். மூன்று வாரம் கழித்துப் போட்டால் புது ஈர் வந்துவிட்டிருக்கும்.

## மருந்து எதைச் செய்யும்

நம் ஊர்க் கடைகளில் பேனுக்குக் கிடைப்பவற்றில் பெர்மெத்ரின் முக்கியமானது. ஒரு வகைச் சாமந்திப் பூவில் இருக்கும் பூச்சிக்கொல்லிப் பொருளை மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்தது. பேனின் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும். புதிதாக வைத்த ஈருக்குள் இருக்கும் கருவுக்கு முதல் சில நாள் நரம்பே உருவாகியிருக்காது. நரம்பு இல்லாத ஒன்றை நரம்பைத் தாக்கும் மருந்து என்ன செய்துவிட முடியும்? இரண்டாம் தடவை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

தலைக்குப் போடுவது 1 சதவீத பெர்மெத்ரின். 5 சதவீதம் என்று ஒன்று இருக்கிறது, அது சிரங்குக்கு உடம்பில் தடவுவது. கடையில் வாங்கும்போது எண்ணைப் படித்து வாங்குங்கள். எண்ணெய் இல்லாமல் ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றிவிட்டு, பிடரியும் காதோரமும் விடாமல் தடவி, 10 நிமிடம் வைத்து அலச வேண்டும். கண்டிஷனர் வேண்டாம், அது மருந்து முடியில் படிவதைத் தடுக்கும். இரவு முழுக்க ஊறப் போட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது சாம்பாருக்குப் புளி ஊறவைப்பதுபோல நினைப்பது. கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

மறுநாளும் பேன் பழைய வேகத்தில் ஓடுகிறதா? அது மருந்து எதிர்ப்பாக இருக்கலாம். அதாவது, அந்த மருந்துக்குச் சாகாத பேன்கள் மட்டும் பிழைத்துப் பெருகி, மருந்து பலிக்காத கூட்டம் உருவாகியிருப்பது. உலகின் பல இடங்களில் பெர்மெத்ரினுக்கு இப்படி ஆகியிருக்கிறது. அப்போது அதையே இரண்டு மடங்கு போடுவதால் பலன் இல்லை, டாக்டர் வேறு மருந்து எழுதித் தருவார். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் நரம்பைத் தொடுவதே இல்லை, பேனின் மேல் படலமாகப் படிந்து அதைக் கொல்கிறது. அதனால் எதிர்ப்பு வர வாய்ப்புக் குறைவு.

## ஈருளி என்ற பழைய கருவி

மருந்தே இல்லாமலும் பேனை ஒழிக்கலாம். ஈருளி, ஈர்வாங்கி, பேன் சீப்பு என்று பல பெயரில் வழங்கும் அந்த நெருக்கமான பல் வைத்த சீப்பு போதும். இது எவ்வளவு பழைய கருவி தெரியுமா? இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு தந்தச் சீப்பு, கிறிஸ்துவுக்கு முன் 1700ஐ ஒட்டியது. அதில் பொறித்திருந்த கானானிய எழுத்துகளை 2022இல் படித்துச் சொன்னார்கள்: இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். சீப்பின் பல்லுக்கிடையில் பேன் குஞ்சின் மிச்சமும் இருந்தது!

காய்ந்த தலையில் பேன் ஓடி ஒளியும். ஈரத் தலையில் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு வகிடு வகிடாகப் பிரித்து, தோலைத் தொட்டபடி ஈருளியை வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நீளமுடி என்றால் அரைமணி நேரத்துக்குக் குறையாது. எண்ணெய் தானே பேனைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம், அது சீப்பு வழுக்கிப் போக உதவுகிறது.

இதிலும் நாள் கணக்கு உண்டு. முதல் நாள், 5, 9, 13. இந்த நாலு நாள் இடைவெளியில் எந்தக் குஞ்சு பொரித்தாலும் அது தாயாவதற்குள் சீப்பில் மாட்டிவிடும். 17ஆம் நாள் ஒரு தடவை வாரிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் முடிந்தது. காலிக்கூடு ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது அழகுப் பிரச்சினை மட்டும்.

வீட்டைக் கழுவி விட வேண்டியதில்லை. கடைசி இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றைச் சுடுநீரில் அலசி வெயிலில் போடுங்கள். சீப்பைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள்.

## தயவுசெய்து இதெல்லாம் வேண்டாம்

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். வயலுக்கு அடிக்கிற மருந்தும் எறும்புப் பொடியும் மண்டைத்தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவுவார்கள். குழந்தை உடம்புக்குள் அது அதிகம் போனால் வலிப்பு வரும். சீத்தாப்பழ விதைப் பொடிக்குப் பேனைக் கொல்லும் குணம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அலசும்போது கண்ணில் ஒரு துளி பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். பாட்டி வைத்தியம் என்பதற்காக மட்டும் அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

மொட்டை? பலிக்கும், சந்தேகமே இல்லை. ஒட்ட முடி இல்லாவிட்டால் ஈர் எங்கே வைக்கும்? ஆனால் பழனிக்கு நேர்ந்துகொண்டு அடிக்கும் மொட்டை வேறு, பேனுக்காக ஒன்பது வயதுப் பெண்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து அடிக்கும் மொட்டை வேறு. அதற்குப் பிறகு அவள் ஒரு மாதம் பள்ளிக்கே வர மாட்டாள்.

## பக்கத்து வயல்

நம் வயலில் இரண்டு களையும் எடுத்துவிட்டு, பக்கத்து வயலைப் புதராக விட்டால் என்ன நடக்கும்? வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அன்றைக்கே எல்லோர் தலையையும் பாருங்கள், அப்பா, பாட்டி உட்பட. உயிருள்ள பேன் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து. இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தடவ வேண்டியதில்லை. வகுப்பிலும் அப்படித்தான். ஆளுக்கொரு நாள் செய்தால் பேன் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு விருந்துக்குப் போய் வந்துகொண்டே இருக்கும்.

இப்போதெல்லாம் எங்கள் வகுப்பில் நான் யார் பெயரையும் சொல்வதில்லை. பேன் தெரிந்தால் எல்லாப் பிள்ளைகள் டைரியிலும் ஒரே குறிப்பு போகும்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை பாருங்கள், பேன் இருந்தால் மருந்தோ சீப்போ அன்றைக்கே தொடங்குங்கள். வெள்ளியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது நாள் எண்ணினால் ஞாயிற்றுக்கிழமை வரும், அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளியன்று கரும்பலகை ஓரத்தில் “இரண்டாம் களை” என்று எழுதி வைப்பேன். வயற்காட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.